கழுத்திலிருந்து கீழே

மண்சரிவில் போய்ப் பன்னிரண்டு வருஷமான செல்வநாயகம் அண்ணன், ஆவணி மாதத்து முதல் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, அவர் பெண்டாட்டி யோகேஸ்வரி அக்கா பின்னிக்கொண்டிருந்த ஸ்வெட்டரின் கழுத்து வழியாகத் தலையை வெளியே நீட்டி, "யோகம், டீ இருக்கா?" என்று கேட்டபோது, நான் எதிரில் உட்கார்ந்து இரண்டு கைகளிலும் நூல் சிட்டத்தை மாட்டிக்கொண்டிருந்தேன், அக்கா கண்ணி எண்ணிக்கொண்டிருந்தாள், எண்ணிக்கை தவறிவிடக் கூடாதென்று அந்த வரிசையை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்து பார்த்தாள், அடுப்பில் டீ சூடாகத்தான் இருந்தது, நான் சிட்டத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு டம்ளர் ஊற்றிக்கொண்டு வந்து அவர் வாயில் பிடித்தேன். சர்க்கரை போதவில்லை என்றார்.

எங்கள் ஊர் குருவிமட்டத்தில் இது எப்படி நடந்தது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். நான் நடந்ததை மட்டும் சொல்கிறேன். செத்தவர்களுக்கு வேட்டியும் துண்டும் வைத்துப் படைப்பது வெயில் ஊர்க்காரர்களின் வழக்கம். காலை ஏழு மணிக்கு வாயைத் திறந்தால் புகை வருகிற எங்கள் ஊரில், போனவர் அங்கேயும் குளிரில் நடுங்கக் கூடாதென்று, வருஷத் திதிக்கு ஸ்வெட்டர் வைத்துப் படைப்போம். அதற்கு ஒரு முறை இருக்கிறது. முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, கைகள் இரண்டு என்று நாலு துண்டாக, இடுப்பில் தொடங்கி மேலே பார்த்துப் பின்னி, பிறகு எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்து, இடது அக்குளை மட்டும் தைக்காமல் விட்டுவிட வேண்டும். உயிர் வந்து படையலை ஏற்றுக்கொண்டு திரும்பிப் போக அந்த ஓட்டைதான் வழி. அந்த வழியை அடைத்தால் போனவர் ஸ்வெட்டருக்குள்ளேயே மாட்டிக்கொள்வார் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். பதினோரு வருஷம் யோகம் அக்கா பதினோரு ஸ்வெட்டர் அப்படிப் பின்னிப் படைத்து, ஊர் எல்லையில் இருக்கிற நாவல் மரத்தில் கட்டிவிட்டு வந்தாள். பதினோரு தடவையும் நான்தான் அவளுக்குச் சிட்டம் பிடித்தேன்.

பன்னிரண்டாம் வருஷம் அவளுக்கு ஒரு புது ஆசை வந்தது. கெஸ்ட் ஹவுஸில் தங்கிய பெங்களூர்க்காரம்மா ஒருத்தி மறந்துவிட்டுப் போன ஸ்வெட்டர் ஒன்று அவள் கைக்குக் கிடைத்தது. அதை மடியில் போட்டுக்கொண்டு, குருடர்கள் முகத்தைத் தடவிப் பார்ப்பதுபோல் மூன்று நாள் விரலாலேயே தடவிப் படித்துவிட்டு, "தவமணி, இதுல தையலே இல்லடி. கழுத்துல ஆரம்பிச்சிருக்கா. அங்கேருந்து ஒரே மூச்சா கீழ எறங்கியிருக்கா" என்றாள். கழுத்தில் தொண்ணூற்றிரண்டு கண்ணி போட்டு, நைலான் வயரில் கோத்த ஊசியால் வட்டமாகச் சுற்றிச் சுற்றிப் பின்னிக்கொண்டே, தோளின் நாலு மூலையிலும் வரிசை விட்டு வரிசை இரண்டிரண்டு கண்ணியாகக் கூட்டிக்கொண்டே போனால், குடை விரிகிற மாதிரி அது விரிந்து தோளாகிறது. அக்குள் வந்ததும் கைகளுக்குரிய கண்ணிகளைப் பழைய நூலில் கோத்து ஒதுக்கி வைத்துவிட்டு, உடம்பை மட்டும் இடுப்பு வரை இறக்கி முடித்து, கடைசியில்தான் திரும்பி வந்து கைகளைப் பின்ன வேண்டும். முன்பக்கத்தில் கயிறு திரித்ததுபோல் இரண்டு முறுக்கு வைத்தாள். எட்டு வரிசைக்கு ஒருமுறை மூன்று கண்ணியை வளைந்த ஊசியில் தூக்கி நிறுத்தி, அடுத்த மூன்றை அதன் முதுகுப்பக்கமாகப் பின்னி, பிறகு நிறுத்தியதை இறக்கினால் முறுக்கு விழும்.

"தையலே இல்லாத ஸ்வெட்டர்ல எந்தத் தையலம்மா விடுவ?" என்று கேட்டார் மளிகைக்கடைப் பெரியண்ணன். ஊரில் யாருக்கும் எதற்கும் ஒரு ஆட்சேபம் சொல்லிவைப்பது அவர் குணம். "உசிரு எப்படித் திரும்பிப் போவும்?"

"போவ வேண்டாம்" என்றாள் அக்கா, கடலைப் பருப்பை வாங்கிக்கொண்டு.

அப்படிப் பின்னியதில்தான் கழுத்துப் பட்டை முடிந்த அன்றைக்குத் தலை வந்தது.

ஸ்வெட்டரை ஒரு ஸ்டூலின் மேல் தலையணை போட்டு நிறுத்தி வைத்தோம். அவள் அவரைச் சுற்றிச் சுற்றி உட்கார்ந்து பின்னினாள். எத்தனை வரிசை இறங்கியதோ அத்தனை அங்குலம் அவரும் வந்தார், முதலில் தொண்டைக்குழி, பிறகு காறை எலும்பு, பிறகு ஒரு வாரம் கழித்துத் தோள். ஒருநாள் முறுக்கை இடது பக்கம் போடுவதற்குப் பதில் வலது பக்கம் போட்டுவிட்டாள் என்று மூன்று வரிசை பிரித்தாள். பிரித்த மூன்று வரிசைக்குரிய தோளும் காணாமல் போய்விட்டது. அவர் போட்ட கூப்பாட்டில் தேயிலை கிள்ளிக்கொண்டிருந்தவர்களெல்லாம் கூடையோடு ஓடிவந்தார்கள். அதிலிருந்து தப்பு விழுந்தாலும் அக்கா பிரிப்பதில்லை. அந்த ஸ்வெட்டரின் முறுக்கில் நாலைந்து இடத்தில் தப்பு இருந்தது எனக்குத் தெரியும். அவளைப்போல் கை சுத்தமானவள் தப்போடு ஒன்றைப் பின்னுவது அதுதான் முதல் தடவை.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்பீர்கள். ஊருக்கு எதையும் எடுத்துக்கொள்ளத் தெரியும். முதல் இரண்டு நாள் கூட்டம் வந்தது, மூன்றாம் நாள் வேலை வந்தது. நாவிதர் மாரிமுத்து வந்து சவரம் செய்துவிட்டு, தலை மட்டும் இருப்பதால் குனிய நிமிர வசதியாக இருக்கிறதென்று சந்தோஷப்பட்டார். ரேஷன் கடையில் பெயரைத் திரும்பச் சேர்க்கப் போனபோது, கைரேகை வேண்டும், கை வந்ததும் வாருங்கள் என்றார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து அவர் முன்னால் உட்கார்ந்து வாய்ப்பாடு ஒப்பித்தார்கள், பதினேழாம் வாய்ப்பாடு வரை அவருக்கு மறக்கவில்லை. பெரிய விவாதம் நடந்தது பொட்டைப் பற்றித்தான். புருஷன் தலை மட்டும் இருக்கிறவள் சுமங்கலியா இல்லையா என்று மாரியம்மன் கோவில் வாசலில் பெண்கள் கூடிப் பேசி, ஒருத்தி ஆமென்றும் ஒருத்தி இல்லையென்றும் சண்டை முற்றி, கடைசியில் கழுத்து வரைக்கும் வந்தவனுக்குக் கடுகளவு பொட்டு, தோள் வந்தால் மிளகளவு, நெஞ்சு வந்தால் மல்லிகைப்பூ, இடுப்பு வந்தால் மெட்டி என்று தீர்ப்பாயிற்று. அக்காவின் நெற்றியில் பன்னிரண்டு வருஷம் கழித்து அந்தக் கடுகு ஏறியபோது, சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவள் பத்து வயது குறைந்துபோனாள். நான் அவளைப் பார்க்க முடியாமல் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

ஏனென்று சொல்லிவிடுகிறேன், மனசில் வைத்துக்கொண்டு எத்தனை நாள் மருகுவது.

முதல் நாள் டீயைக் குடித்து முடித்ததும் அக்கா அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "எங்க இருந்தீங்க இத்தன வருசமும்?" என்று கேட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். "மண்ணுக்குள்ளதான், யோகம். ஒரே இருட்டு. ஒண்ணுமே நெனவில்ல. உங்குரல் மட்டும் எங்கேயோ கேட்டுக்கிட்டே இருந்துச்சு" என்றார். அக்கா அழுதாள். வந்திருந்த பெண்களெல்லாம் அழுதார்கள். நானும் அழுதேன், ஆனால் நான் அழுதது வேறு.

மூன்று வருஷத்துக்கு முன்னால், என் தங்கச்சி மகளுக்குக் காது குத்து என்று காரமடைக்குப் போயிருந்தேன். தேரடியில் பலூன் கடைக்குப் பக்கத்தில், ஒரு பெண்ணும் இரண்டு பிள்ளைகளுமாக, செல்வநாயகம் அண்ணன் நின்றிருந்தார். சின்னவளைத் தோளில் உட்கார வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் பிள்ளையை இறக்கி அந்தப் பெண்ணிடம் விட்டுவிட்டு வேகமாக வந்து, "தவமணி, சொல்லிடாத. உன் காலப் புடிக்கிறேன்" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஒன்றும் சொல்லவில்லை. வெயில் கொளுத்தியது. அவர் எனக்கு ஒரு லெமன் சோடா வாங்கிக் கொடுத்தார். அதை நான் குடித்தேன். அந்தச் சோடாவைத் தட்டிவிட்டிருந்தால்கூட இப்போது எனக்குப் பேச ஒரு வாய் இருந்திருக்கும்.

மலைக்குத் திரும்பும்போது பஸ்ஸில் கண்டக்டர் ஆரோக்கியத்திடம் சொன்னேன். அவன் சிரித்துக்கொண்டே, "இது உங்களுக்கு இப்பத்தான் தெரியுமாக்கா? நான் ஒம்பது வருசமாப் பாக்குறேன். மண்சரிவன்னிக்கு என் மொத பஸ்லதான் மலை எறங்கிப் போனாரு" என்றான். மார்க்கெட்டுக்குப் போகிற பெரியண்ணனுக்கும் தெரியும். பெரியண்ணன் வழியாக அவர் பெண்டாட்டிக்கும், பெண்டாட்டி வழியாகத் தண்ணீர்க் குழாய்க்கு வருகிற அத்தனை பேருக்கும் தெரியும். ஊரில் அக்காவுக்கு மட்டும்தான் தெரியாது. நாங்கள் ஏன் சொல்லவில்லை என்றால், எங்கள் ஊரில் புருஷன் செத்தவளுக்கு மரியாதை உண்டு, எந்த வீட்டு விசேஷத்துக்கும் அவளுக்கு ஒரு தட்டு வெற்றிலை போகும். புருஷன் ஓடிப்போனவளைப் பார்த்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பிலிருந்து அவளைக் காப்பாற்றுகிறோம் என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். சிரிக்கப்போவதே நாங்கள்தான் என்பதை யாரும் யோசிக்கவில்லை. எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. குடிகாரனைக் கட்டிக்கொண்டு நான் பட்ட பாட்டில் சாயங்காலம் போய் உட்கார எனக்கிருந்த ஒரே இடம் அக்கா வீடு. அவளுக்கு அந்தத் துக்கம் இருந்ததால்தான் என் துக்கத்துக்கு அங்கே இடம் கிடைத்தது.

அக்கா கொல்லைப்பக்கம் போனபோதெல்லாம் தலை என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்கும். "தவமணி, அத நீ..."

"சொல்லல" என்பேன்.

"மகராசியா இருப்ப" என்று சொல்லிவிட்டு, கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டே, "அவள மெதுவாப் பின்னச் சொல்லு. என்ன அவசரம்?" என்பார். மெதுவாகப் பின்னு என்று அவர் சொன்னதையெல்லாம் தன் விரல் நோகுமே என்ற கரிசனமாக எடுத்துக்கொண்டு, அக்கா இன்னும் வேகமாகப் பின்னினாள்.

புரட்டாசி பாதியில் நெஞ்சு வந்தது. மூச்சு விடும்போது முறுக்கு இரண்டும் ஏறி இறங்கின. அக்கா மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு, ஊரே பார்க்க அந்த நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "அடிக்குதுடி, தவமணி" என்றாள். கைகள் இன்னும் ஒதுக்கி வைத்த நூலில்தான் கிடந்தன, அவரால் அவளைத் தொட முடியவில்லை. "கை வரட்டும்" என்று அவள் வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னாள். அந்த நாட்களில் அவள் அவருக்குச் சமைத்துப் போட்ட சோறு, ஊட்டிய முட்டைத் தோசை, குடிக்கக் கொடுத்த சூப் எல்லாம் எங்கே போகின்றன, நெஞ்சுக்குக் கீழேதான் ஒன்றும் இல்லையே என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

அது எங்கே போனதென்று ஐப்பசி முதல் திங்கட்கிழமை தெரிந்தது. அக்கா அன்று வயிற்றுப் பகுதியைப் பின்னிக்கொண்டிருந்தாள், தொப்புள் வந்து இரண்டு நாள், இடுப்புக்கு இன்னும் ஒரு சாண் இருக்கும். பத்தரை மணி பஸ் வந்து நின்றது. அதிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். அவள் பின்னால், கட்டியிருந்த வேட்டியின் முனையை அவள் விரலில் சுற்றிப் பிடித்திருக்க, இடுப்புக்கு மேலே ஒன்றும் இல்லாத இரண்டு கால்கள் படி பார்த்து இறங்கின. ஆரோக்கியம் அவற்றுக்கு அரை டிக்கெட் கிழித்திருந்தான். கடை வாசலில் நின்ற எங்களைப் பார்த்து அவள், "ஏனுங்க, இங்க ஸ்வெட்டர் பின்றவங்க வூடு எதுங்க?" என்று கேட்டாள். அவளை எனக்குத் தெரிந்தது. பலூன் கடைக்குப் பக்கத்தில் நின்றவள். நாங்கள் பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தோம், ஒருத்தர் வாயையும் திறக்கவில்லை. ஆனால் கால்கள் நிற்கவில்லை. நூல் இழுத்ததோ என்னவோ, அவளையும் இழுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு நேராக நடந்தன, நாங்கள் பின்னாலேயே போனோம்.

ஸ்டூலின் மேல் இருந்தவர் அவளைப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போய்க் கண்ணை மூடிக்கொண்டார். பெரியவர்கள்கூட அப்படிச் செய்வதுண்டு, தான் பார்க்காவிட்டால் எதிரே இருப்பது இல்லாமல் போய்விடும் என்று.

"என் பேரு சாந்தாமணிங்க" என்றாள் அவள். களைத்திருந்தாள், கோபமாக வந்தவள் மாதிரி இல்லை. "ஆவணி மொத வெசாளக்கெழமைங்க. சோறு தின்னுட்டு இருந்தவரு, தட்டுல கை வெச்சபடியே இருக்குது, தலை காணோமுங்க. அப்பறம் தோளு போச்சு, நெஞ்சு போச்சு. நான் எத்தன கோயலுக்குப் போனன்னு எனக்கே தெரியாதுங்க. தலையே இல்லாத மனுசனுக்கு வயிறு மட்டும் நாளுக்கு நாள் பெருக்குது. நான் ஆக்கிப் போட்டதில்லீங்க. எவளோ ஒருத்தி நல்லா ஆக்கிப் போடறாள்னு தெரிஞ்சுது. இப்ப ரெண்டு நாளா அந்த வயிறும் காணோம். காலு ரெண்டும் சும்மா இருக்க மாட்டேங்குது, பஸ் ஸ்டாண்டுக்குப் போயி மலை பஸ்ஸுக்கிட்டப் போயி நிக்குது. சரி, எங்கதான் போவுதுன்னு கூட வந்தனுங்க."

அக்கா ஊசியை மடியில் வைத்தாள். "நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள், மரியாதையாகத்தான்.

"சம்சாரமுங்க. பதினோரு வருசமாச்சு. ரெண்டு புள்ளைக."

கால்கள் வாசற்படியில் முழங்காலை ஒட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. வலது பாதத்தில் சுண்டுவிரல் இல்லை. அது தேயிலை மெஷினில் போனது எங்களுக்கெல்லாம் தெரியும். அக்கா அந்த இடத்தையே பார்த்தாள்.

"கை ரெண்டும்?" என்று கேட்டாள்.

"அது வூட்டுலயே இருக்குதுங்க. கொண்டாரலாம்னுதான் இருந்தன், மனசு வரலீங்க. சின்னவளுக்குத் தெனமும் அதுதான் சடை பின்னி உடோணும். வேற ஆரு பின்னுனாலும் பள்ளிக்கொடத்துக்குப் போவ மாட்டேங்கறா."

அக்கா தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் அவரோடு இருந்தவள். பிள்ளை இல்லை.

"அவருக்கு ஏற்கெனவே ஒரு பொண்டாட்டி இருக்கிறது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியுமுங்க" என்றாள் சாந்தாமணி. "மண்ணு சரிஞ்சதுல செத்துப்போய்ட்டாங்கன்னு சொன்னாருங்க. அவங்க பேரு யோகேஸ்வரி. வருசா வருசம் நாங்க அவங்களுக்குப் படையல் போடறமுங்க. புள்ளைக பெரியம்மான்னு சொல்லி உளுந்து கும்பிடுமுங்க. புதுச் சேலை வெச்சுத்தான் கும்பிடுவோம்." பேசிக்கொண்டே வந்தவள் அக்காவின் முகத்தைப் பார்த்தாள், பொட்டைப் பார்த்தாள், மல்லிகைப்பூவைப் பார்த்தாள், அப்படியே நிறுத்திவிட்டாள்.

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது, ஒருத்தரும் இறக்கவில்லை.

"என்ன கலர் சேலை?" என்று கேட்டாள் அக்கா.

"பச்சைங்க."

"பச்சை எனக்கு ஆகாது" என்றாள் அக்கா. பிறகு ஸ்டூலின் பக்கம் திரும்பி, "அது உங்களுக்குத் தெரியுமே" என்றாள்.

செல்வநாயகம் அண்ணன் அப்போதுதான் கண்ணைத் திறந்தார். "யோகம், நான் சொல்லணும்னுதான் இருந்தேன். நீ பின்னி முடிக்கட்டும்னு பாத்தேன். முழுசா வந்து உன் காலுல உழுந்து சொல்லணும்னு..." என்று ஆரம்பித்தார்.

"மண்ணுக்குள்ள இருட்டா இருந்துச்சா?"

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எங்குரல் கேட்டுச்சா?"

அக்கா எழுந்து அவர் கிட்டத்தில் போனாள். அடிப்பாள் என்று நினைத்தோம், அடித்திருந்தால் எங்களுக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் கீழ் ஓரத்தில் கோத்திருந்த ஊசியை ஒரே இழுப்பில் உருவினாள். இருநூறு கண்ணியும் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. மேலிருந்து கீழாகப் பின்னியதைக் கீழிருந்து மேலாகப் பிரிப்பதுபோல் சுலபமான காரியம் உலகத்தில் வேறில்லை, நூல் நுனியைப் பிடித்து இழுத்தால் போதும், சிக்காது, தடுக்காது, சரசரவென்று வரிசை வரிசையாக வந்துகொண்டே இருக்கும். அவள் இழுத்தாள். வயிறு போயிற்று. வாசற்படியில் உட்கார்ந்திருந்த கால்களுக்கு மேலே வயிறு வந்தது. சாந்தாமணி "அய்யோ" என்று ஒரு சத்தம் போட்டாள், சந்தோஷமா பயமா தெரியவில்லை. அக்கா இழுத்தாள். நெஞ்சு போயிற்று, அவள் காது வைத்துக் கேட்ட நெஞ்சு, தப்பு விழுந்த முறுக்குகளும் தப்பில்லாத முறுக்குகளும் ஒன்றுபோலவே அவிழ்ந்தன. அக்குள் வந்ததும் கைகளுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த கண்ணிகளின் நூலையும் உருவிப் போட்டாள். தோள் போயிற்று. அவர் கெஞ்சினார், அம்மா என்றார், தெய்வமே என்றார், கல்யாணமான புதிதில் அவளை அழைத்த ஒரு செல்லப் பெயரைச் சொன்னார், அதை நான் இங்கே எழுத மாட்டேன். கழுத்துப் பட்டை மட்டும் மிஞ்சியபோது ஒரு நிமிஷம் அவள் கை நின்றது.

"குளிருதுடி, யோகம்" என்றார்.

"காரமடையில குளிராது" என்று சொல்லிவிட்டு அக்கா மிச்சத்தையும் இழுத்தாள்.

வாசலில், கையில்லாத செல்வநாயகம் அண்ணன், ஐப்பசிக் குளிரில் வெற்று உடம்போடு நடுங்கிக்கொண்டு நின்றார். ஊரில் ஒருத்தரும் அவருக்குத் துண்டு கொடுக்கவில்லை. சாந்தாமணி தன் முந்தானையை அவர் தோளில் போடப் போனாள், பாதியில் கையை இழுத்துக்கொண்டாள். அக்காவைப் பார்த்துக் கும்பிட்டாள். "நான் இனி என்னங்க பண்ணோணும்?" என்று கேட்டாள். "எனக்கென்ன தெரியும்?" என்றாள் அக்கா, "நான் செத்து பன்னெண்டு வருசமாச்சு." அவர்கள் அதே பஸ்ஸில் மலை இறங்கிப் போனார்கள், அவள் முன் சீட்டிலும் அவர் கடைசி சீட்டிலும் உட்கார்ந்திருந்ததாக ஆரோக்கியம் பிறகு சொன்னான். சுருள் சுருளாகக் கிடந்த அந்த நூலை அக்கா கையால் வாரிச் சுருட்டி அடுப்பில் போட்டாள். கம்பளி எரிந்தால் தலைமுடி எரிகிற நாற்றம்தான் வரும். மூன்று நாள் அந்தத் தெருவில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

பொட்டை அழித்துவிட்டு, பூவை எடுத்து வைத்துவிட்டு, அக்கா எங்கள் பக்கம் திரும்பினாள். அப்போதுதான் எங்களில் சிலருக்கு வீட்டில் வேலை இருப்பது ஞாபகம் வந்தது, ஆனால் அவள் பார்வையைத் தாண்டிக்கொண்டு போக யாருக்கும் கால் வரவில்லை.

"அந்தப் பொம்பள சம்சாரம்னு சொன்னப்ப, யாரும் ஆச்சரியப்படலையே" என்றாள். "யாருக்கெல்லாம் தெரியும்?"

பெரியண்ணன் தொண்டையைச் செருமினார். "நல்லதுக்குத்தாம்மா..." என்றார்.

"உங்களுக்குத் தெரியும். சரி. ஆரோக்கியத்துக்கும் தெரிஞ்சிருக்கும், அவன் பஸ்ல தினமும் போறவன். அப்புறம்?"

ஒருத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள், அவளுக்கும் தெரியும். மாரிமுத்து தலையைக் குனிந்துகொண்டார், அவருக்கும் தெரியும். அக்கா ஒவ்வொரு முகமாகக் கண்ணி எண்ணுகிற மாதிரி எண்ணிக்கொண்டே வந்தாள். தெரியாது என்று சொல்ல ஒருத்தருக்கும் துணிச்சல் இல்லை. கடைசியாக என்னிடம் வந்தாள். பன்னிரண்டு வருஷம் என் கைகளில் சிட்டத்தை மாட்டியவள், என் புருஷன் அடித்த இடத்துக்கெல்லாம் எண்ணெய் போட்டுவிட்டவள், என் முகத்துக்கு நேராக நின்றுகொண்டு, "தவமணி, உனக்குமாடி?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அதற்குத்தான் திறந்தேன்.

"தெரியாதுக்கா" என்றேன்.

பெரியண்ணன் என்னைப் பார்த்தார். அவர் பெண்டாட்டி என்னைப் பார்த்தாள். தண்ணீர்க் குழாயில் நானே என் வாயால் சொல்லக் கேட்ட பெண்கள் நாலு பேர் என்னைப் பார்த்தார்கள். ஒருத்தர்கூட மூச்சு விடவில்லை. ஊருக்கு எதையும் எடுத்துக்கொள்ளத் தெரியும் என்று சொன்னேனே, இதையும் எடுத்துக்கொண்டது. அக்கா என் தோளில் சாய்ந்து, மண்சரிவன்றுகூட அப்படி அழாதவள், அழுது தீர்த்துவிட்டு, "நீ ஒருத்தி இருக்கியே, போதும்டி எனக்கு" என்றாள்.

அன்றிலிருந்து அவள் ஊரில் யாரோடும் பேசுவதில்லை. குழாய்க்கு மற்றவர்கள் போன பிறகுதான் வருகிறாள். ஸ்வெட்டருக்கு அளவு கொடுக்க வருகிறவர்களை வாசலோடு அனுப்பிவிடுகிறாள். என்னோடு மட்டும் பேசுகிறாள். காலையில் என் வீட்டுக்கு வந்து, என் அடுப்படியில் உட்கார்ந்து, என் பிள்ளைகளுக்கு இட்லி ஊற்றிக் கொடுக்கிறாள். போன வாரம் டவுனுக்குப் போய் நல்ல நீலத்தில் புது நூல் வாங்கிக்கொண்டு வந்தாள். எனக்கு எதற்கக்கா, இருப்பதே போதும் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. "எனக்குன்னு இருக்கிறது நீ ஒருத்திதான், உனக்குப் பின்னாம யாருக்குப் பின்னப் போறேன்?" என்று சொல்லி, கழுத்தில் தொடங்கிவிட்டாள். நானே இரண்டு கையையும் நீட்டி அவளுக்குச் சிட்டம் பிடித்தேன்.

நேற்று கழுத்துப் பட்டை முடிந்தது. "போட்டுப் பாக்கணும், குனி" என்றாள். நான் குனிந்தேன். காதோரத்து முடியை விரலால் ஒதுக்கிவிட்டு, மெதுவாக, ஒரு கண்ணிகூட நழுவாமல் என் தலை வழியாக அதை இறக்கினாள். கழுத்தைச் சுற்றி ஊசி சில்லென்று இருந்தது.

"இறுக்குதாடி?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.